கரும்புள்ளி, செம்புள்ளி: மூக்கின் மீது ஒரு விசாரணை

1

'கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல ஏத்தி ஊர்வலம் விடணும்.' நடைமுறையில் ஒழிந்த பிறகும் பேச்சில் உயிரோடிருக்கிற தண்டனை இது. தப்புச் செய்ததாகச் சொல்லப்பட்டவரின் முகம் ஊரார் படிக்கிற பலகையாக ஆக்கப்படுகிறது. குற்றம் எங்கோ ஒரு செயலில் இருந்தது. புள்ளி அதை முகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இன்று அதே 'கரும்புள்ளி' அழகுக்குறிப்புப் பக்கங்களிலும் பியூட்டி பார்லர் விலைப்பட்டியலிலும் செல்போன் வீடியோக்களிலும் வேறொரு பொருளில் புழங்குகிறது. மூக்கு நுனியிலும் தாடையிலும் ஊசிமுனை அளவில் தெரிகிற பிளாக்ஹெட்டுக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர் அது. இங்கே வரிசை தலைகீழாகிவிட்டது. புள்ளி முதலிலேயே முகத்தில் இருக்கிறது. அதற்குப் பொருத்தமான குற்றம் பிறகுதான் தேடிப் பிடிக்கப்படுகிறது. சரியாக முகம் கழுவவில்லை, எண்ணெய்ப் பலகாரம் தின்றாய், வெயிலில் அலைந்தாய், தூசியில் நின்றாய். குற்றப்பட்டியல் தயாரானதும் பரிகாரப்பட்டியலும் தயார்: பட்டை, களிம்பு, ஆவி, ஊசி, துளைகளை 'மூடுகிற' திரவம்.

மூக்கு நுனியில் என்ன கோட்பாடு வேண்டிக்கிடக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அதிகாரம் என்றாலே போலீஸ் ஸ்டேஷனையும் தாலுகா ஆபீசையும் மட்டுமே நினைத்துக்கொள்கிறவர்களின் கேள்வி அது. கண்காணிப்பவர் இல்லாதபோதும் கண்காணிக்கப்படுவதுபோலவே நடந்துகொள்கிற தன்னிலையை நவீன அதிகாரம் உருவாக்குகிறது என்று பூக்கோ சொன்னதைப் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறோம். அந்தக் காவலாளி மிக நெருக்கமாக வந்து நிற்கிற இடம் குளியலறைக் கண்ணாடி. இப்போது உள்ளங்கைக்குள் அடங்கிய காமிரா.

நான் இருப்பது மாரண்டஹள்ளியில். தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு வட்டம். தர்மபுரியிலிருந்து ஓசூர் போகிற ரயில் நின்று போகும் ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும். ஊர்ப் பெயரின் 'ஹள்ளி'யே கன்னடம். தக்காளியும் பூவும் விளைகிற வட்டாரம். ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் ஏராளம். மாதச் சம்பளம் கையில் வந்தவுடன் தனக்கென்று ஒரு கிரீம் வாங்குகிற முதல் தலைமுறை இது. அந்தக் கிரீமைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கிரீமோடு சேர்த்து எந்தக் கதை அவர்களுக்கு விற்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். கட்டுடைப்பதற்கு முன்னால் கட்டியிருப்பது என்னவென்று தெரிய வேண்டும் அல்லவா?

தோலில் ஒவ்வொரு ரோமமும் முளைக்கிற குழிக்குத் தமிழில் மயிர்க்கால் என்று பெயர். அதன் பக்கவாட்டில் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது சுரக்கும் எண்ணெய்ப்பசை குழியின் வழியாகவே வெளியே வந்து தோலைப் பூசுகிறது. மூக்கிலும் நெற்றியிலும் இச்சுரப்பிகள் பெரியவை, ரோமமோ கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களின் தூண்டுதலால் சுரப்பிகள் மேலும் பெருக்கின்றன. குழியின் உட்சுவரிலிருந்து உதிர்கிற செல்கள் வெளியேறாமல் எண்ணெயோடு கலந்து அடைத்துக்கொண்டால் அது அடைப்பு. அதன் வாய் மூடியிருந்தால் வெண்ணிறமாகத் தெரியும். வாய் திறந்திருந்தால் கருப்பாகத் தெரியும். அதுதான் பிளாக்ஹெட்.

ஏன் கருப்பு? இந்தக் கேள்விக்குத்தான் ஊர் முழுக்கத் தப்பான பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'அழுக்கு சேர்ந்துடுச்சு' என்பது அந்தப் பதில். காற்றுப்பட்ட கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைவதும், அடைப்பிலுள்ள செல்களில் இருக்கும் மெலனின் என்ற நிறமியும்தான் அந்தக் கருப்புக்குக் காரணம். தெருப் புழுதிக்கு அதில் பங்கில்லை. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அது போகாததற்கும் இதுதான் காரணம். நம் தோலுக்கு நிறம் தருகிற அதே மெலனின்! அதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் அழுக்கு.

இன்னொன்று. மூக்கில் வரிசையாகச் சாம்பல் நிறத்தில் தெரிகிற புள்ளிகளில் பெரும்பாலானவை பிளாக்ஹெட்கூட இல்லை. எண்ணெயை மேலே கொண்டுவருகிற மெல்லிய இழைகள் அவை. எல்லோர் மூக்கிலும் உண்டு. பிதுக்கி எடுத்தால் சில வாரங்களில் திரும்ப நிரம்பிவிடும். ஜப்பானின் காவோ நிறுவனம் 1990களின் நடுவில் சந்தைக்குக் கொண்டுவந்த மூக்குப்பட்டை உலகம் முழுக்க ஓடியது. உரித்தெடுத்த பட்டையைத் திருப்பிப் பார்த்தால் குட்டிக் குட்டி முளைகள் நட்டுக்கொண்டு நிற்கும். அந்தக் காட்சிதான் அங்கே விற்பனைப் பண்டம். வாக்குமூலம் வாங்கியாயிற்று என்ற திருப்தி அதில் கிடைக்கிறது. அடுத்த மாதம் அதே மூக்கு மறுபடியும் வாக்குமூலம் கொடுக்கத் தயாராகிவிடும்.

மயிர்க்காலின் வாய்க்குத் திறந்து மூட உதவும் தசை கிடையாது. 'வெந்நீர் ஆவி துளையைத் திறக்கும், ஐஸ் மூடும்' என்பது கதவைப் பார்த்துப் பழகிய மனத்தின் கற்பனை. ஆவி அடைப்பை இளக்கும், ஐஸ் வீக்கத்தைக் கொஞ்ச நேரம் குறைக்கும், அவ்வளவுதான். எண்ணெய் அதிகம் சுரந்தால், வயதாலும் வெயிலாலும் தோலின் இறுக்கம் தளர்ந்தால் துளை பெரிதாகத் தெரியும்.

3

இப்போது சொற்களுக்கு வருவோம். அறிவியல் ஒரு மயிர்க்காலைக் காட்டுகிறது. விளம்பரம் அதே இடத்தில் ஓர் ஓட்டையைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றல்ல. மயிர்க்கால் என்ற சொல் அங்கே ஏதோ முளைத்து நிற்பதைச் சொல்கிறது. பயத்திலும் பரவசத்திலும் மயிர்க்கூச்செறிவது அங்கேதான். உடல் உலகத்துக்குப் பதில் சொல்கிற இடம். ஓட்டை என்றாக்கிவிட்டால் அது அடைக்கப்பட வேண்டிய குறையாகிவிடுகிறது.

ரொலான் பார்த் 1957இல் வெளிவந்த 'தொன்மங்கள்' நூலில் அழகுப்பொருள் விளம்பரங்களைப் பற்றி எழுதும்போது, அவை 'ஆழம்' என்ற ஒன்றை உற்பத்தி செய்கின்றன என்று காட்டினார். மேற்பரப்பாக மட்டுமே நமக்குத் தெரிந்த தோலுக்கு அடியில் ஒரு நிலவறை இருப்பதாகவும், அதற்குள் இறங்கிச் சுத்தம் செய்ய வல்லது இந்தத் திரவம் மட்டுமே என்றும் அவை நம்பவைக்கின்றன. 'டீப் கிளீன்' என்று இன்று ஒவ்வொரு குழாயிலும் அச்சடித்திருப்பது அதே தொன்மம்தான். ஆழத்தில் அழுக்கு இருப்பதாகச் சொல்லிவிட்டால் வெளியே எவ்வளவு கழுவினாலும் நீ சுத்தமானவள் ஆகமாட்டாய்.

இந்தத் தர்க்கம் நமக்கு வேறெங்கோ கேட்ட மாதிரி இல்லையா? குளித்தாலும் துவைத்து உடுத்தினாலும் படித்தாலும் போகாத ஒரு 'அழுக்கு' உள்ளே இருப்பதாகச் சொல்லி மனிதர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய சமூகம் இது. அழுக்கு என்பது பொருளின் குணமல்ல, ஓர் ஒழுங்கமைவில் தனக்கு விதிக்கப்பட்ட இடத்தைவிட்டு விலகியிருக்கும் பொருளுக்குத் தரப்படும் பெயர் என்று மேரி டக்ளஸ் 1966இல் வாதிட்டார். மானுடவியல் படிக்காமலே இது நமக்குத் தெரியும். கருப்பைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு அரசியல் நடத்திய மரபும் இந்த மண்ணில் இருக்கிறது. அதே மண்ணில் மெலனினை அழுக்கென்று வாசிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. 1975இல் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் தன் பெயரிலிருந்து சிவப்பழகைக் குறிக்கிற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. முகம் முழுக்கக் கருப்பு என்று சொல்வது கூச்சமாகிவிட்ட காலம். புள்ளி அளவுக்குச் சுருங்கிய கருப்பை யாரும் கூச்சமில்லாமல் வெறுக்கலாம்.

எல்லாக் காலத்திலும் புள்ளி குறையாக இருந்ததா? சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியில் படரும் சுணங்கு அழகென்று திரும்பத் திரும்பப் பாடப்படுகிறது. வேங்கைப் பூவோடு ஒப்பிடுவார்கள். உரைகாரர்கள் தேமல் என்று பொருள் சொல்வார்கள். இன்றைக்குத் தேமல் என்றால் தோல் டாக்டரிடம் போகிறோம். பிரிவில் நிறம் மாறும் மேனிக்குப் பசலை என்று பெயர். அங்கே தோல் ஒரு பிரதி, தோழி அதை வாசிக்கிறாள். இதைச் சொல்லிப் பொற்காலம் கட்ட எனக்கு விருப்பமில்லை. அங்கேயும் வாசிக்கப்பட்டது பெண்ணுடல்தான். பாடியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். புள்ளிக்கு நிலையான பொருள் கிடையாது என்பது மட்டுமே என் வாதம். மூக்கிலேயே இன்னொரு சான்றும் இருக்கிறது. நாமே வலிக்க வலிக்கத் துளை போட்டு, அதில் கல் பதித்து, மூக்குத்தி என்று கொண்டாடுகிறோம். பக்கத்திலேயே இயற்கையாக இருக்கிற துளையை மூடச் சொல்கிறார்கள்.

4

இந்த இடத்தில் ஒரு வழுக்கல் உண்டு. 'சரி, அப்ப பொண்ணுங்க எதுவும் பூசக்கூடாதுங்கறீங்களா?' என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. அழகுசாதனத்தைப் பற்றி எழுதுகிற ஆண்கள், சிக்கனம் என்றும் எளிமை என்றும் பேசி, கடைசியில் பெண்ணைக் கடிந்துகொள்வதில்தான் போய் முடிப்பார்கள். முதலாளியத்தைத் திட்டுகிற பாவனையில் அக்காவையும் தங்கையையும் திட்டுவது.

அலங்காரத்துக்கும் ஒரு போராட்ட வரலாறு இருக்கிறது. தென் திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் போராடி 1859இல் அதை அரச ஆணையாகப் பெற்றார்கள். எதை உடுத்தலாம், எந்த நகை போடலாம் என்பதெல்லாம் சாதி வகுத்திருந்த ஊர்களில், பவுடர் பூசிக்கொண்டு பஸ் ஏறுவதே ஓர் அறிவிப்புதான். இந்த மாதிரிச் சிற்றூர்களில் பியூட்டி பார்லர் என்பது ஆண் நுழையாத அறை. ஒரு பெண் சொந்தமாக நடத்துகிற தொழில். கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் சிரித்துப் பேச முடிகிற இடம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உலக அரசியல் பேசுகிற நமக்கு அதன் மதிப்புத் தெரியாது.

எனவே பூசுவதா வேண்டாமா என்பது என் கேள்வியே கிடையாது. விருப்பத்தால் பூசுவதும் குற்றவுணர்வால் பூசுவதும் வெவ்வேறு. முதலாவது அலங்காரம். இரண்டாவது அபராதம் கட்டுவது.

5

அபராதம் கட்டாமல் மூக்கைக் கவனித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு மருத்துவம் சொல்வது மிகக் கொஞ்சம்தான். விமர்சனக் கட்டுரையில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். தகவலைத் தராமல் விமர்சனம் மட்டும் தருவதும் ஒரு மேட்டிமைத்தனம்தான்.

மென்மையான சோப்போ ஃபேஸ்வாஷோ போட்டு நாளுக்கு இரண்டு முறை கழுவினால் போதும். 0.5 முதல் 2 சதம்வரை உள்ள சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் என்பதால் குழிக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். அதற்கும் அசையாதவற்றுக்கு, தோல் மருத்துவரைக் கேட்டு, அடாபலீன் 0.1 சதக் களிம்பை இரவில் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகத் தடவலாம். முதல் சில வாரம் காய்ந்து சிவக்கும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். கர்ப்பமாக இருக்கிறவர்களும் அதற்குத் திட்டமிடுகிறவர்களும் போடக்கூடாது. பகலில் சன்ஸ்கிரீன் வேண்டும். இதனால் துளைகள் கொஞ்சம் சிறிதாகத் தெரியலாம். நிரந்தரமாக மூட எதனாலும் முடியாது. எலுமிச்சை, ஆப்பசோடா, பற்பசை எல்லாம் தோலைப் புண்ணாக்கும். நகத்தால் பிதுக்கினால் உள்ளே உடைந்து வீங்கும். நம் மாநிறத் தோலில் அந்த வடு மாதக்கணக்கில் கருப்பாக நிற்கும். புள்ளியைப் போக்கப்போய்த் தழும்பைச் சம்பாதிப்பது. தலைக்கு வைக்கிற எண்ணெய் நெற்றியில் வழிந்தால் அங்கேயும் அடைப்பு வரும்.

இந்த எளிய அறிவும் யாருடைய தோலிலிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும். வைட்டமின் ஏ வகை அமிலத்தைப் பருவுக்குப் பயன்படுத்தலாம் என்று 1969இல் நிறுவியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன். ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை, பெரும்பாலும் கருப்பினத்தவரான கைதிகளின் உடலில் அவர் பரிசோதனைகள் நடத்தினார். சொற்பக் காசு கொடுத்து வாங்கப்பட்ட 'சம்மதம்'. 2022இல் அந்நகர நிர்வாகம் அதற்காக மன்னிப்புக் கேட்டது. சுத்தமான வெள்ளை முகத்தின் விளம்பரத்துக்குப் பின்னால் இந்தக் கருப்பு முதுகுகள் இருக்கின்றன. மருந்தை மறுக்க இது காரணமாகாது. எந்த விலையில் வந்தது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த இது காரணம்.

நம் பக்கத்துப் பரிசோதனை வேறு மாதிரி. அங்கே சிறை இருந்தது. இங்கே மெடிக்கல் ஷாப்.

'அண்ணா, மூக்குல கருப்பா இருக்கு, போறதுக்கு ஏதாச்சும் குடுங்க.'

'இத நைட்ல போடு பாப்பா. ஒரே வாரத்துல பளிச்சுனு ஆயிடும்.'

ஆகும், அதுதான் அபாயம். பீட்டாமெத்தசோன், கிளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் ரத்தக்குழாய்களைச் சுருக்கித் தோலை வெளுப்பாக்கும். சில வாரங்களில் தோல் மெலியும், பரு பொரியும், முடி முளைக்கும், சிவப்பு நரம்புகள் வலைபோலத் தெரியும். நிறுத்தினால் எரியும், எரிச்சல் தாங்காமல் திரும்பப் போடுவார்கள். கரும்புள்ளிக்குப் போய்ச் செம்புள்ளி வாங்கிவருகிற கதை. இந்திய மருத்துவர்கள் இதற்கு ஸ்டீராய்டால் சேதமான முகம் என்றே ஒரு நோய்ப்பெயர் வைத்திருக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சீட்டுக் கேட்காத கடைகள் இன்றும் இருக்கின்றன. விதி டெல்லியில் இருக்கிறது, டியூப் கவுண்டரில் இருக்கிறது. வாங்குகிறவள் விளைவைத் தன் தோலின் குற்றமாகவே எடுத்துக்கொள்கிறாள்: 'எனக்குத்தான் சேரல.'

6

'எனக்குத்தான்' என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்வோம். தர்மபுரி மாவட்டத்தில் இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு, மூக்குக்குக் கொஞ்சம் கீழே.

பாலக்கோடு வட்டாரம் உள்பட மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அடியில் கிடக்கும் பாறையிலிருந்து அது நீரில் கரைகிறது. இந்தியத் தர அளவுகளின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலுள்ள நீரைச் சிறுவயதில் குடித்தால், உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் கெட்டு, பழுப்புக் கறையோடும் குழியோடும் பல் முளைக்கிறது. தேய்த்தால் போகாது. இன்னும் அதிகமாக, நீண்டகாலம் குடித்தால் எலும்பையும் தாக்கும். காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்து இதைச் சரிசெய்ய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கிவைத்தார்கள். பல்லின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். 2003இல் பிறந்த பெண்ணுக்கு 2013இல் பத்து வயது. அவள் பல்லில் எழுத வேண்டியதைத் தண்ணீர் எழுதி முடித்திருந்தது.

அந்தப் பெண்தான் இன்று கம்பெனி வேலைக்குப் போகிறவள், கிரீம் வாங்குகிறவள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு 'பல்லுதான் கொஞ்சம்...' என்று இழுத்த பேச்சு அவள் காதில் விழுந்திருக்கிறது. அவள் கேட்கிற கடையில் பல்லுக்கு வெண்மைப் பேஸ்டும் மூக்குக்குத் துளை மூடும் களிம்பும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. இரண்டும் 'அழகுக் குறை' என்ற ஒரே தலைப்பின் கீழ், ஒரே முறையில், தலைக்கு இவ்வளவு என்று விற்கப்படுகின்றன.

அலமாரி செய்கிற வேலை இதுதான். மூக்கின் புள்ளி உடல் இயல்பாக வேலை செய்வதன் அடையாளம்; யாருடைய தவறும் இல்லை. பல்லின் கறை உண்மையான சேதம். அதற்குப் பொறுப்பு உண்டு. தாமதமான திட்டம், சோதிக்காத ஆழ்துளைக் கிணறு, கேட்காமல் விடப்பட்ட கேள்விகள். இயற்கையைக் குற்றமாக்குகிற அதே சொல்லாடல் அநீதியை இயற்கையாக்கிவிடுகிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் 'உன் முகம்' என்று அவள் கையில் கொடுத்துவிடுகிறது. கரும்புள்ளி குத்தப்பட்டவளிடமே சுண்ணாம்புக்கும் சாந்துக்கும் காசு வாங்கிக்கொள்கிற மாதிரி.

முகத்தின் அரசியல் என்று ஒன்று உண்டென்றால் அதன் முதல் பாடம் இந்த இரண்டையும் பிரித்துப் படிப்பது. மூக்கை விட்டுவிடலாம்; விரும்பினால் சாலிசிலிக் போடலாம், பிடித்தால் பவுடரும் போடலாம். பல்லை விட்டுவிடக் கூடாது. தன் தெருக்குழாயிலும், குழாய் வராத நாளில் பிடிக்கிற போர் தண்ணியிலும் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிறது, கடைசியாகச் சோதித்தது எந்தத் தேதி என்று 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின்படி யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். அவளுக்குப் பிறகு பல் முளைக்கப் போகிற பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.